பின்வீச்சு

பிப்ரவரி 2, வெள்ளி

காலை ஆறேகாலிலிருந்து எட்டு மணி வரை குளக்கரை. இரண்டு கெண்டை. முதலாவது சாதாக் கெண்டை, முழங்கை நீளம். இரண்டாவது கண்ணாடிக் கெண்டை. முதுகோரம் ஒரு வரிசைச் செதில், மற்ற இடமெல்லாம் மொழுக்கென்று தோல். இரண்டையும் தண்ணீரை விட்டு வெளியே எடுக்காமல் கொக்கியைக் கழற்றி விட்டேன்.

நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் மாராத்தாளிடம் பொரி வாங்கிக் குளத்தில் போடுகிறார்கள். கெண்டைகள் அதற்குப் பழகிவிட்டன. மேலே வந்து உதட்டைக் குவித்து, சத்தமில்லாமல் உறிஞ்சிவிட்டுக் கீழே போய்விடும். வெள்ளைக்காரர்கள் இறகைக் கொக்கியில் கட்டி ஈ என்று மீனை நம்பவைப்பார்கள். கோயமுத்தூர்க் கெண்டைக்கு ஈ எதற்கு? நான் தக்கை போல மிதக்கும் நெட்டியைச் சீவிப் பொரி செய்கிறேன். மோட்டார் காயில் சுற்றும் மெல்லிய செம்புக் கம்பியால் அதைக் கொக்கியில் கட்டுகிறேன். எட்டடி தள்ளி நின்று பார்த்தால் எது பொரி, எது என் பொரி என்று மாராத்தாளுக்கே தெரியாது.

எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் பழைய சாமான் கடையில் இந்தத் தூண்டில் கம்பு கிடைத்தது. ஆங்கிலப் புத்தகம் ஒன்றை அகராதி வைத்து ஆறு மாதம் படித்தேன். மொட்டை மாடியில் கொக்கியில்லாமல் வீசிப் பழகினேன். இந்த வீச்சில் தூண்டிலுக்குக் கனம் கிடையாது, நூலுக்குத்தான் கனம். முன்னால் வீச வேண்டுமானால் முதலில் பின்னால் வீச வேண்டும். முதுகுக்குப் பின்னால் முப்பதடி நூல் நேராக நீளும்வரை பொறுத்திருந்து, பிறகு முன்னே தள்ள வேண்டும். அந்தப் பின்வீச்சு சரியாக வர எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

இன்றும் லோகநாயகி விடவில்லை. நடைப்பயிற்சிச் சங்கத்தின் செயலாளர், டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பின்னால் நாலு பேர் சிரிக்க, "ஏனுங், காலங்காத்தால குளத்தச் சாட்டையில அடிக்கறீங்களே, அது என்னங் தப்புப் பண்ணுச்சு?" என்றார். நான் திரும்பவில்லை. பாதையோரம் கம்பு வீசக்கூடாது என்று சங்கத்தில் இரண்டு முறை எழுதிக் கொடுத்தவர் இவர்தான். பாதை போடுவதற்கு முன்னாலிருந்தே நான் அங்கே நிற்கிறேன்.

வீட்டுக் கேட்டின் இடது தூணில் மறுபடியும் தோளை இடித்துக்கொண்டேன். கட்டிய கொத்தனாரைச் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 4, ஞாயிறு

கொக்கி லோகநாயகியின் கண்ணில் பட்டுவிட்டது. கண்ணில் அல்ல, இமையில்.

எழுத வரவில்லை.

பிப்ரவரி 5, திங்கள்

நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும். நாளைக்கு யாராவது கேட்டால் சொல்ல வேண்டியிருக்கும்.

நேற்றுக் காலை ஏழு மணி. ஆகாயத்தாமரைக்கு இந்தப் பக்கம் மூன்று கெண்டைகள் பொரி உறிஞ்சிக்கொண்டிருந்தன. அதில் ஒன்றின் வாய் மட்டும் டம்ளர் அகலம் இருந்தது. காற்று வலப்பக்கமிருந்து அடித்தது. அப்படி அடித்தால் நூல் நம் மேலேயே வந்து விழும் என்பதால் கம்பை இடது தோளுக்கு மேலாக வீச வேண்டும். வீசுவதற்கு முன் இடது பக்கம் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. இதை எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

பின்வீச்சு நின்றுவிட்டது. வேலியில் மாட்டியது என்று நினைத்து முன்னே ஒரு வெட்டு வெட்டினேன். அப்போதுதான் சத்தம் கேட்டது.

லோகநாயகி இரண்டு கையையும் முகத்துக்கு நேரே தூக்கியபடி நின்றார். முகத்தைத் தொடவில்லை. இடது கண்ணின் கீழிமையில், மூக்கை ஒட்டிய முனையில், நெட்டிப் பொரி தொங்கிக்கொண்டிருந்தது. சாப்பிடும்போது ஒட்டிக்கொண்டது போல இருந்தது. அவ்வளவு சின்னது.

கடையில் வாங்கும் கொக்கியில் நுனிக்குக் கீழே பின்னோக்கி ஒரு எதிர்முள் இருக்கும். ஒருமுறை நுழைந்தால் வெளியே வர விடாது. நான் கட்டும் கொக்கி எதிலும் அது கிடையாது. கட்டுவதற்கு முன் குறடால் நசுக்கிச் சப்பையாக்கிவிடுவேன். மீனுக்கு வலிக்கக்கூடாது என்பதற்காகப் பன்னிரண்டு வருடமாக வைத்திருக்கும் விரதம் அது. அந்தக் கொக்கி நுழைந்த வழியிலேயே இழுத்தால் வந்துவிடும். என் விரலில் எத்தனையோ முறை எடுத்திருக்கிறேன்.

கூடியவர்களிடம் இதைத்தான் சொன்னேன். "ஒண்ணுமில்லீங், இதுல எதிர்முள் கெடையாது, இப்ப எடுத்தர்றேன்" என்றேன். லோகநாயகி கல்லாக நின்றார். குறடால் பிடித்தேன். ஒரே இழுப்பு. வந்துவிட்டது.

எதிர்பார்த்ததைவிட ரத்தம் அதிகம். யாருடைய காரிலோ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். கொக்கியை நூலிலிருந்து அறுத்துக் குளத்தில் எறிந்துவிட்டேன்.

நல்லதை நினைத்துச் செய்தது.

பிப்ரவரி 6, செவ்வாய்

குளத்துக்குப் போகவில்லை. எதிர்வீட்டுக் கிரைண்டர் மோட்டாருக்குக் காயில் சுற்றினேன். முப்பது வருடம் செய்த வேலை. சுற்று எண்ணிக்கை இரண்டு முறை விட்டுப்போயிற்று.

கோகிலவாணி சாயங்காலம் லோகநாயகியைப் பார்த்துவிட்டு வந்தாள். மருமகன் திருப்பூரில் வேலையாக இருப்பதால் என் மகள் என்னோடுதான் இருக்கிறாள். பையைக்கூட இறக்கி வைக்காமல் கேட்டாள்.

"ஏம்ப்பா, அந்தக் கொக்கிய ஆரு எடுத்தது?"

"எதுக்குக் கேக்கற?"

"கொக்கியோட அப்படியே கூட்டிட்டு வந்திருந்தா மரத்துப்போற ஊசி போட்டு அஞ்சு நிமிசத்துல எடுத்திருப்பேன்னு டாக்டர் சொன்னாராமா. கொக்கி குத்துனதுல ஒண்ணுமே ஆகலையாமா. புடுங்குனதுலதான் எல்லாமே போச்சாமா."

"எல்லாமேன்னா?"

"இமை கிழிஞ்சு, கண்ணுல இருந்து மூக்குக்குத் தண்ணி எறங்கற குழாய் அறுந்து போச்சுப்பா. ஆப்பரேசன் பண்ணியிருக்காங்க. சேரலைன்னா சாகற வரைக்கும் அந்தக் கண்ணுல தண்ணி கொட்டிட்டேதான் இருக்குமாமா."

தட்டில் கையை வைத்தபடி இருந்தேன். "எதிர்முள் இல்லாத கொக்கி கிழிக்காது" என்றேன்.

"அப்பறம் எப்படிப்பா கிழிஞ்சுது?"

ரசம் ஆறிப்போயிருந்தது. அதைச் சொன்னேன்.

பிப்ரவரி 7

எதிர்முள் இல்லாத கொக்கி கிழிக்காது.

பிப்ரவரி 8, வியாழன்

பெட்டியில் மீதி பதினொரு நெட்டிப் பொரி இருந்தது. பஞ்சு எடுத்துக்கொண்டேன். நசுக்கிய கொக்கியைப் பஞ்சில் குத்தி இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும். நசுக்காதது பஞ்சையும் இழுத்துக்கொண்டு வரும்.

முதல் நான்கு வழுக்கின. ஐந்தாவது பஞ்சோடு வந்தது. இன்னொரு பஞ்சில் குத்தினேன், அதுவும் வந்தது. ஆறாவது வழுக்கியது. ஏழு, எட்டு, ஒன்பது மூன்றும் பஞ்சோடு வந்தன. கடைசி இரண்டும் வழுக்கின.

பதினொன்றில் நான்கு. குறட்டின் வாய் தேய்ந்திருக்கிறது. கொக்கிக் கம்பியும் முன்பு போல் இல்லை.

பெட்டியைக் கோகிலா கண்ணில் படாமல் பீரோவின் மேல் வைத்தேன். காரணம் ஒன்றுமில்லை.

பிப்ரவரி 10, சனி

கம்பு இல்லாமல் குளத்துக்குப் போனேன். கரையோரம் சேற்றிலிருந்து குமிழிகள் கொத்துக் கொத்தாக வந்தன. கெண்டை தலைகீழாக நின்று சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தது. வால் நுனி மட்டும் வெளியே தெரிந்து ஆடியது. பத்தடிகூட இல்லை. அதற்கு ஒரு முழம் முன்னால் போட்டால் போதும். கை தானாக உயர்ந்ததைப் பார்த்துக் கீழே இறக்கினேன்.

என்னைப் பார்த்ததும் சங்கத்துக்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள். குட் மார்னிங் சொல்லவில்லை. நானும் சொன்னதில்லை என்பதால் அது கணக்கில் வராது.

மாராத்தாளிடம் பொரி கேட்டேன்.

"பொரி இல்லீங்."

"கூடை நெறைய இருக்குதே."

"இருக்குதுங். உங்களுக்கில்லீங்."

இப்படி யாரும் என்னிடம் சொன்னதில்லை. "நான் உனக்கு என்ன பண்ணுனேன்?" என்றேன்.

"எனக்கென்னங் பண்ணுனீங்க. இந்தக் கூடையோட அங்கயேதான் நின்னுட்டிருந்தேன். அந்தம்மா அத்தன வாட்டி சொல்லுச்சே..." என்றவள், வேறு யாருக்கோ பொரி அளக்கத் திரும்பிக்கொண்டாள்.

எதைச் சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை. வெயில் ஏறிவிட்டது. வந்துவிட்டேன்.

பிப்ரவரி 12, திங்கள்

கோகிலா இன்று சொன்னதை இரண்டு முறை திருப்பிச் சொல்ல வைத்தேன்.

கொக்கியைத் தானே பிடுங்கியதாக லோகநாயகி டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். போலீசுக்கு எழுத வேண்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம், நான்தான் நூலுக்குக் குறுக்கே போனேன், நான்தான் பயத்தில் பிடுங்கினேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

நான் கேட்டேனா? என்னைக் கேட்காமல் எனக்காகப் பொய் சொல்ல இவர் யார்? எதிரில் நின்று திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். அதற்கு நான் தயாராக இருந்தேன். இரண்டு நாளாக என்னென்ன சொல்ல வேண்டும் என்று யோசித்துக்கூட வைத்திருந்தேன்.

"இன்னொண்ணும் சொன்னாங்கப்பா. உங்கப்பாவக் கண்ணு டாக்டர்கிட்டக் காட்டுன்னாங்க. மூணு மாசமா உங்க இடது பக்கமா நின்னு கையாட்டிப் பாத்தாங்களாமா. நீங்க திரும்பவே இல்லையாமா. மொதல்ல திமிர்னு நெனச்சேன்னாங்க."

"திமிர்தான்" என்றேன்.

"நாளன்னிக்குப் போறோம்" என்றாள்.

பிப்ரவரி 14, புதன்

ஆஸ்பத்திரியில் ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். வலது கண்ணை மூடினார்கள். வெளிச்சப் புள்ளி தெரிகிறபோதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். ஆரம்பத்தில் நாலைந்து புள்ளி வந்தது, அழுத்தினேன். அப்புறம் வரவில்லை. வெகுநேரம் காத்திருந்தேன்.

"ஏம்மா, மெசின் நின்னு போச்சா?"

"இல்லீங் தாத்தா. ஓடிட்டுத்தானுங் இருக்குது" என்றது அந்தப் பெண்.

மறுபடியும் பார்த்தேன். ஒரு புள்ளிகூட இல்லை. மெஷின் டிக் டிக் என்று சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது.

இடது கண்ணில் நீரழுத்தம். நடுவில் மட்டும் ஒரு வட்டம் தெரிகிறது, பக்கப் பார்வை போய்விட்டது, போனது வராது. வலது கண்ணில் புரை, அதனால் நுணுக்கமானது தெளிவாகத் தெரியாது. எவ்வளவு நாளாக என்று கேட்டேன். "ரெண்டு மூணு வருசம் இருக்கலாம். கொஞ்சம் கொஞ்சமா போறதால தெரிஞ்சிருக்காது" என்றார் டாக்டர்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். கோகிலா என் இடது பக்கம் உட்கார்ந்து அழுதாள். அழுகிறாள் என்பது சத்தத்தை வைத்துத்தான் தெரிந்தது.

பிப்ரவரி 17, சனி

செய்தி பரவிவிட்டது. எல்லோருக்கும் சமாதானம். கிரைண்டர் வீட்டுக்காரர் வந்து, "உங்க மேல தப்பே இல்லீங், கண்ணே தெரியாதப்ப நீங்க என்னங் பண்ணுவீங்க" என்றார். சங்கத்திலிருந்து போன் செய்தார்கள். மாராத்தாளே கோகிலாவிடம் ஒரு படி பொரி கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

அதுதான் விஷயம். பின்னால் வந்தவர் தெரியாததற்குக் காரணம் கண். எதிர்முள் நசுங்காததற்கும் காரணம் கண். எல்லாவற்றுக்கும் கண்தான் காரணம். டாக்டரே எழுதிக் கொடுத்துவிட்டார்.

பதின்மூன்று நாளுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

பிப்ரவரி 18

காலை, மாலை சொட்டு மருந்து. பொரியைத் தொடவில்லை. நமத்துப்போய்விட்டது.

பிப்ரவரி 21, புதன்

லோகநாயகி வீட்டுக்குப் போனேன். கோகிலாவை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் போனேன்.

கதவைத் திறந்தவரின் முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. பிறகு பார்த்தேன். கீழிமையில் தையல் கோடு. கண்ணின் மூலையில் நூல் போன்ற ரப்பர் குழாய். அந்தக் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. கையில் கைக்குட்டையை மடித்து வைத்து ஒற்றிக்கொண்டே பேசினார். பேச்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லாமல் கை தன்பாட்டுக்குப் போய் வந்தது.

"உக்காருங். கண்ணு எப்படியிருக்குது?"

அதை நான் கேட்டிருக்க வேண்டும்.

"இருக்குதுங். உங்களுக்கு?"

"டாக்டர் மூணு மாசம் பாக்கலாம்னாருங். அடச்சுக்கிச்சுன்னா மறுபடியும் கிழிக்கோணுமாமா. டீவி பாத்தா அழுவாச்சி சீரியல் பாக்கற மாதிரியே இருக்குதுங், செய்தி பாத்தாலும்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"நீங்களே புடுங்குனதா எதுக்குங் சொன்னீங்க?"

"போலீசுன்னாங்க. ஸ்டேசன்ல உங்க பக்கத்துல வந்து நிக்கப்போறது கோகிலா. என்ற வீட்டுக்காரரு ஆஸ்பத்திரில கெடந்தப்ப பதினோரு நாள் சோறு கொண்டாந்தவ அவ. உங்களுக்காகச் சொன்னேன்னு நெனச்சுக்காதீங்."

"நெனைக்கலீங்."

"சரி."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கண் காய்ந்தும் மற்றது நனைந்தும் இருந்தது.

"வேறெதாச்சும் சொல்லோணுங்களா?" என்றார்.

"கண்ணு தெரியலீங்" என்றேன்.

"அதுதான் எல்லாரும் சொன்னாங்களே."

"ஆமாங்."

"வேறெதுமில்லீங்களா?"

"இல்லீங்."

"சரிங்" என்று எழுந்து உள்ளே போனார். காபி கொண்டு வந்தார். குடித்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 24

மூன்று முறை சொன்னார்.

பிப்ரவரி 26, திங்கள்

கோகிலா கேட்டாள், ஏன் சாப்பிடுவதில்லை என்று. சொட்டு மருந்தின் கசப்பு தொண்டைக்கு இறங்குகிறது என்றேன். அது உண்மை. கண்ணில் விட்டது தொண்டைக்கு வருகிறது. அந்தக் குழாய் எனக்கு நன்றாக வேலை செய்கிறது.

மார்ச் 3, ஞாயிறு

குளக்கரையில் சங்கத்துக் கூட்டம். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலி போட்டு இருபது பேர். லோகநாயகி முன்வரிசையில் கைக்குட்டையோடு உட்கார்ந்திருந்தார். மாராத்தாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓரமாக நின்றாள்.

தலைவர் பேசினார். நடந்தது யார் தவறும் இல்லை என்றார். அம்மா குறுக்கே வந்ததையும் கொக்கியைத் தானே பிடுங்கியதையும் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார் என்றார். அன்று கூடி நின்று பார்த்தவர்களும் தலையை ஆட்டினார்கள். ஐயாவுக்குக் கண் தெரியாதது யாருக்கும் தெரியாது, பாவம், அவருக்கே தெரியாது என்றார். பாதையிலிருந்து தள்ளி, மதகுக்கு அந்தப் பக்கம் ஒரு மேடை இருக்கிறது, பின்னால் யாரும் வர முடியாது, இனி ஐயா அங்கே நின்று தாராளமாக மீன் பிடிக்கட்டும் என்றார். கை தட்டினார்கள்.

அந்த மேடை எனக்குத் தெரியும். ஆழமான இடம். பெரிய கெண்டைகள் வெயில் காய அங்கேதான் வரும். இத்தனை வருடமாக அங்கே நிற்க விடமாட்டோம் என்றவர்கள்.

நன்றி சொல்ல எழுந்தேன். எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். நானும்தான்.

"கண்ணு தெரியாதது நெசந்தானுங்" என்றேன். "காது நல்லாக் கேக்குமுங்."

யாருக்கும் புரியவில்லை. கோகிலா மட்டும் நிமிர்ந்து பார்த்தாள்.

"கொக்கிய அவங்க புடுங்கலீங். நான் புடுங்குனேன். வேண்டாங், ஆஸ்பத்திரிக்குப் போயிக்கலாங்னு அவங்க சொன்னாங்க. மூணு தடவ சொன்னாங்க. காதுல கேட்டுட்டுத்தான் இழுத்தேன். அதுக்கும் கண்ணுக்கும் சம்பந்தமில்லீங். மேடையெல்லாம் வேண்டாங்."

தலைவர் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார், அதில் ஏதோ எழுதியிருப்பது போல. கோகிலா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை.

லோகநாயகி திரும்பி என்னைப் பார்த்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கன்னத்துக்கு வந்துவிட்டது. இந்த முறை கைக்குட்டை போகவில்லை.

"மூணு இல்லீங்" என்றார். "நாலு."

அவ்வளவுதான் சொன்னார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எண்ணிக்கொண்டே வந்தேன். குறடை எடுத்தபோது ஒன்று. கொக்கியைப் பிடித்தபோது ஒன்று. என் இடது கையால் அவர் நெற்றியை அழுத்திப் பிடித்தபோது ஒன்று. மூன்றுதான். அவர் தவறாகச் சொல்கிறார் என்று கேட்டைத் திறக்கும்வரை நினைத்தேன்.

ஒரே இழுப்பு என்று இந்த நோட்டில் எழுதியிருக்கிறேன். ஒரே இழுப்பு இல்லை. முதல் இழுப்பில் வரவில்லை. இமை கொக்கியோடு சேர்ந்து முன்னால் வந்து நின்றது. அதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தவன் அந்தக் கரையில் நான் ஒருவன்தான். அப்போதுதான் நான்காவது முறை வேண்டாம் என்றார், ரொம்ப மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. எதிர்முள் கிடையாது என்று சுற்றிலும் இருந்த இருபது பேரிடம் சொல்லியிருந்தேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது முறை பலமாக இழுத்தேன்.